கணினி வேலையால் கைவலியா? எதை முதலில் செய்வது, எதற்குப் பிறகு செலவழிப்பது

கணினியில் வேலை செய்து கை வலிக்கிறது என்று தேடத் தொடங்கியதும் கண்ணில் படுவது மருத்துவம் அல்ல, பொருட்கள்தான். வளைந்த கீபோர்டு, செங்குத்து மவுஸ், ஜெல் வைத்த மணிக்கட்டுத் திண்டு, காந்தக் காப்பு. இவற்றில் சில உண்மையிலேயே உதவும். ஆனால் எந்த நரம்பு நசுங்கியிருக்கிறது, எந்தத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வீங்கியிருக்கிறது என்று தெரியாமல் வாங்குவது, கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி வாங்குவதைப் போன்றது. மருத்துவர், பிசியோதெரபி, அலுவலக மனிதவளப் பிரிவு, காப்பீடு என்று இந்த வலியோடு ஒரு முழுச் சுற்று அலைந்து முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இதில் வரிசை முக்கியம். சரியான காரியங்களையே முன்பின்னாகச் செய்தால் பணம் போகும், வலி நிற்கும் இடத்திலேயே நிற்கும், அலுவலகத்தில் காட்ட ஒரு காகிதமும் கையில் இருக்காது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கைவலிக்குச் சொல்லும் ஆர்.எஸ்.ஐ. (ரிப்பிட்டிட்டிவ் ஸ்ட்ரெயின் இன்ஜுரி) என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும், கையை ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருப்பதாலும் தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றில் வரும் பல கோளாறுகளுக்கு வைத்த பொதுப்பெயர். மருத்துவச் சீட்டில் இந்தப் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் சிகிச்சையும் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கும்.

1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை முதலில் பாருங்கள்

கீழே சொல்பவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வரும் கைவலி. திடீரென்று ஒரு பக்கக் கை பலமிழந்து, முகம் கோணி, பேச்சுக் குழறுவது. இவை இரண்டுக்கும் கீபோர்டுக்கும் சம்பந்தமில்லை; உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கை சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். இரண்டு கைகளும் மரத்து, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறி, நடையிலும் தள்ளாட்டம் வந்தால் கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று தாமதமின்றிப் பார்த்தாக வேண்டும்.

இன்னும் ஒன்று பலர் கவனிக்காதது. உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேட்டைப் பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தட்டையாக, குழி விழுந்ததுபோல் இருந்தால் நரம்பு நெடுநாளாக நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மரப்பு வந்து வந்து போகாமல் எந்நேரமும் இருப்பதும் அதே வகைதான். இந்த நிலையில் மேசையைத் திருத்துவது, பயிற்சி செய்வது என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். சிதைந்த தசை முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2. இன்றைக்கே சுமையைக் குறையுங்கள்

மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. செலவு ஒன்றும் இல்லை.

குறைப்பது என்றால் கையைக் கட்டிவைத்து உட்கார்ந்திருப்பது அல்ல. முழு ஓய்வு சில நாட்களுக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் நீண்டால் தசை பலமிழந்து, திரும்ப வேலைக்கு வரும்போது முன்னைவிடக் குறைந்த சுமையிலேயே வலிக்கத் தொடங்கும். வலியைத் தூண்டும் அசைவை மட்டும் கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும். அது பெரும்பாலும் தட்டச்சு அல்ல, மவுஸ். அதிலும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இழுப்பது.

உங்கள் கையை ஐந்து நிமிடம் நீங்களே வேடிக்கை பாருங்கள். எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது, கிளிக் செய்யாத நேரத்திலும் சுட்டுவிரல் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் தூக்கி நிற்கிறதா? அந்த விரலைத் தூக்கிப் பிடிக்கும் தசை முழங்கையின் வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் சும்மா இருப்பதாக நினைக்கும் நேரம் முழுதும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. மாலையில் முன்கையின் மேல்புறம் குடைவதற்கு இந்த விரலும் ஒரு காரணம். படிக்கும்போது மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வையுங்கள். இதைப் பழக்கப்படுத்துவது சொல்லும் அளவுக்கு எளிதல்ல, ஆனால் பலன் அதிகம்.

இழுக்கும் வேலையைக் குறைக்க விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் கிளிக்லாக் என்ற வசதி இருக்கிறது. பட்டனைச் சிறிது நேரம் அழுத்திவிட்டால் பிடித்துக்கொண்டே இருக்காமல் இழுக்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையை அழுத்துவது வலித்தால் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போடுங்கள். ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸே கேட்கும். பிறகு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். அடிக்கடி எழுதும் வாக்கியங்களுக்குச் சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளும் மென்பொருளும் உதவும்.

தமிழில் நிறையத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்தொலி முறையில் ண, ள, ற வரும்போதெல்லாம் ஷிப்டை அழுத்த வேண்டியிருக்கும். இந்த மூன்றும் வராத தமிழ் வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் இவற்றுக்கு ஷிப்ட் தேவையில்லை, மொத்தத் தட்டல்களும் குறைவு. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது புதிய அமைப்பைக் கற்காதீர்கள். தடுமாறும் விரல் அதிகமாக அழுத்தும்.

குரல்வழித் தட்டச்சு இன்னொரு வழி. கூகுள் டாக்ஸ் தமிழையும் கேட்டு எழுதும். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு எச் அழுத்தினால் குரல் தட்டச்சுப் பெட்டி வரும். மேக்கில் வாய்ஸ் கன்ட்ரோல் இருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் டாலன் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். நாள் முழுதும் குரலிலேயே வேலை செய்தால் தொண்டை கட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கைச்சுமையைத் தொண்டைக்கு மாற்றுவது தீர்வாகாது. பாதிப் பாதி வையுங்கள்.

இந்தப் படியில் எல்லோரும் விழும் பள்ளம் கைப்பேசி. கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அந்த ஓய்வு நேரம் முழுக்கக் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். முழங்கை மடிந்து, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் ஓயாமல் ஓடுகிறது. கட்டைவிரல் பக்க வலிக்கும் சுண்டுவிரல் பக்க மரப்புக்கும் இதைவிட உகந்த நிலை வேறில்லை. கைக்கு அது ஓய்வே அல்ல.

3. எந்த விரல் என்று எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எந்த இடம், வலியா மரப்பா எரிச்சலா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எது செய்தால் குறைந்தது. இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் மருத்துவரின் அறையில் வேலை பாதி முடிந்துவிடும். எழுதவே கை வலித்தால் குரலில் பதிவு செய்யுங்கள்.

எழுதும்போது "கை வலிக்கிறது" என்று எழுதாதீர்கள். எந்த விரல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்தால் மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். கார்ப்பல் டன்னல் என்பது இதுதான். இரவில் தூக்கத்தை எழுப்பும்; எழுந்து கையை உதறினால் குறையும். மணிக்கட்டை முழுதாக உள்பக்கம் மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் அதே விரல்களில் ஊசி குத்துவதுபோல் வரும். மருத்துவரும் இந்தச் சோதனையைச் செய்வார்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை, முழங்கையில். நாம் இடித்துக்கொண்டு துள்ளுவோமே, அந்த அல்நார் நரம்பு. முழங்கையை மேசையில் ஊன்றியபடி உட்காருவது, மடக்கி வைத்துத் தூங்குவது, கைப்பேசியை நெடுநேரம் காதில் பிடிப்பது எல்லாம் இதைக் கூட்டும். இதற்கு மணிக்கட்டு உறை வாங்கிப் போட்டுக்கொண்டு பலனில்லை என்று புலம்புபவர்கள் உண்டு.

மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் சுளீரென்று வலி, எதையாவது தூக்கும்போது அதிகம் என்றால் டி குவர்வெய்ன் எனப்படும் தசைநாண் உறை அழற்சியாக இருக்கலாம். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி, கோப்பையைத் தூக்கினாலும் கதவுப் பிடியைத் திருகினாலும் கூடுகிறது என்றால் டென்னிஸ் எல்போ; டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்த்திராதவர்களுக்கும் வரும். விரல் மடங்கி மாட்டிக்கொண்டு சொடுக்கென்று விடுபட்டால் அது டிரிக்கர் ஃபிங்கர்.

கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு அழுந்தினாலும் விரல்தான் மரக்கும். மணிக்கட்டுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே கழுத்தை மறந்துவிடுவது நடக்கிற கதைதான்.

இந்தப் பட்டியல் நோயை நீங்களே முடிவு செய்வதற்கு அல்ல, மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவதற்கு. ஒரே கையில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்தும் வரும்.

4. மருத்துவரிடம் போகும்போது

சுமையைக் குறைத்தும் இரண்டு, மூன்று வாரங்களில் தணியவில்லை என்றாலோ, மரப்பு தூக்கத்தைக் கெடுத்தாலோ போங்கள். முதலில் பொது மருத்துவர், பிறகு தேவைக்கேற்ப எலும்பு மருத்துவர், கை அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர். காப்பீட்டில் செலவு கோர எண்ணினால், பொது மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராக நிபுணரிடம் போகலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல காப்பீடுகளில் அந்த ஒரு கடிதம் இல்லாததாலேயே தொகை நிராகரிக்கப்படுகிறது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மேலே சொன்ன குறிப்பேடு, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து யாராவது எடுத்த ஒரு புகைப்படம், மணிக்கட்டு தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தட்டச்சு, எத்தனை மணி நேரம் மவுஸ் என்ற தோராயக் கணக்கு. புகைப்படத்துக்காக நிமிர்ந்து உட்காராதீர்கள். மாலை நேரத்தில், உங்களுக்குத் தெரியாமல் எடுக்கச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான இருப்பு.

ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் கணினி வேலைக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று தவிர்க்காதீர்கள். நீரிழிவு, தைராய்டு குறைச் சுரப்பு, முடக்குவாதம், கர்ப்பம் ஆகியவை கார்ப்பல் டன்னலுக்கு வழிவகுக்கும். வைட்டமின் பி12 குறைபாடும் கையை மரக்கச் செய்யும். இவை இருந்து கவனிக்கப்படாவிட்டால் மேசைக்கும் நாற்காலிக்கும் கொட்டிய பணம் வீண்.

நரம்பு பாதித்திருப்பதாகத் தோன்றினால் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சிறு மின்துடிப்புகளைத் தந்து நரம்பு எவ்வளவு வேகத்தில் செய்தியைக் கடத்துகிறது என்று அளப்பது. சுரீர் சுரீர் என்று இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் தசையில் மெல்லிய ஊசி வைத்தும் பார்ப்பார்கள். அன்றைக்குக் கையில் எண்ணெய், களிம்பு எதுவும் தடவ வேண்டாம்; மோதிரம், வளையலைக் கழற்றிவையுங்கள்; உடலில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். ஆரம்பக் கட்டத்தில் இந்தப் பரிசோதனை இயல்பாகவே வரக்கூடும். இயல்பு என்று வந்ததாலேயே வலி கற்பனை ஆகிவிடாது. தசைநாண் கோளாறுகளை இது காட்டவும் காட்டாது.

வெளியே வருமுன் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று, நோயின் திட்டவட்டமான பெயரும் எந்தக் கை என்பதும் எழுதிய சீட்டு. இன்னொன்று, வேலையில் என்னென்ன மாற்றம் தேவை என்ற கடிதம். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதினால் அலுவலகம் அதை விடுப்பாகக் கணக்கிட்டு முடித்துவிடும். "தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு கூடாது, தனி கீபோர்டும் மாற்று மவுஸும் வேண்டும், ஆறு வாரங்களில் மறுபரிசீலனை" என்பதுபோல் கால அளவோடு இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. மருத்துவருக்கு இதை எழுத நேரம் இருக்காது. நீங்களே குறிப்பு எழுதிக் கொண்டுபோய், சரிபார்த்துத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

5. கடைக்குப் போகுமுன் இருக்கும் மேசையைத் திருத்துங்கள்

நாற்காலியின் உயரத்தைக் காலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், முழங்கையை வைத்துத் தீர்மானியுங்கள். தோள் தளர்ந்து, மேல்கை உடம்போடு ஒட்டித் தொங்க, முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்கும்போது கீபோர்டு கைக்கு நேராக இருக்க வேண்டும். அதற்காக நாற்காலியை உயர்த்தியதில் கால் தரையில் படவில்லை என்றால் காலுக்கடியில் ஒரு பெட்டியோ தடித்த புத்தகக் கட்டோ வையுங்கள். நாற்காலியின் கைப்பிடிகள் மேசையில் இடித்து உங்களைத் தள்ளி உட்காரவைத்தால் அவற்றைக் கழற்றுவதே நல்லது.

கீபோர்டின் அடியில் பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். மடக்கிவிடுங்கள். அவை கீபோர்டை உயர்த்தி, மணிக்கட்டை மேல்நோக்கி மடங்கவைக்கின்றன. மணிக்கட்டு மேலேயும் மடங்காமல், சுண்டுவிரல் பக்கமும் சாயாமல், முன்கையின் நேர்கோட்டிலேயே இருப்பதுதான் இலக்கு.

அடுத்து, எழுத்துகளின் நடுப்பகுதி உங்கள் வயிற்றின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். வலப்பக்கம் எண்பட்டை (எண்களுக்கென்றே உள்ள தனி விசைகள்) வைத்த நீளமான கீபோர்டை மேசையின் நடுவில் வைத்தால் எழுத்துகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், மவுஸ் வலப்பக்கம் ஓடிவிடும். நாள் முழுதும் வலக்கை எட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும். வலத்தோள் வலிக்கு வேறு காரணம் தேடுமுன் இதைப் பாருங்கள்.

மவுஸைக் கீபோர்டின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றி அங்கிருந்தே துடைப்பதுபோல் ஆட்டாமல், முழங்கையிலிருந்து முழுக் கையையும் நகர்த்துங்கள். சுட்டியின் வேகத்தைக் கூட்டினால் கை ஓடும் தூரம் குறையும். மாலையில் மணிக்கட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். மேசை விளிம்பு ஒரு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தால் நரம்பு போகும் இடத்தின் மேலேயே எடையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

திரை ஒரு கை நீள தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த பைஃபோக்கல் கண்ணாடி அணிபவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அதை உயரத்தில் வைத்துவிட்டு, தனி கீபோர்டும் தனி மவுஸும் செருகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவேளைக்கு வொர்க்ரேவ், ஸ்ட்ரெட்ச்லி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை திரையை மறைத்து எழுப்பிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். வலி இல்லாத நாட்களில் அணைத்துவிடத் தோன்றும். அந்த நாட்களில்தான் ஒரே மூச்சில் பல மணி நேரம் உட்கார்ந்துவிடுவோம் என்பதால் அப்போதுதான் அது அதிகம் தேவை.

6. இப்போது வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றாக

ஒரே நேரத்தில் மூன்று பொருட்களை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். அலுவலகமே வாங்கித் தருமா என்று முதலில் கேளுங்கள் (8-ஆம் பகுதியைப் பாருங்கள்). இல்லையென்றால் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். அந்தக் காலக்கெடுவும் அட்டைப்பெட்டியும் பத்திரம்.

மலிவிலிருந்து விலை உயர்ந்ததுக்கு என்று போனால், முதலில் மடிக்கணினிக்கு ஒரு சாதாரணத் தனி கீபோர்டு, மவுஸ். செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். அடுத்து, எண்பட்டை இல்லாத குட்டையான கீபோர்டு. பிறகு மவுஸ்: முன்கை முறுக்கிக்கொள்வது தொந்தரவாக இருந்தால் செங்குத்து மவுஸ்; மணிக்கட்டை அசைப்பது வலித்தால் டிராக்பால் (நகர்த்தாமல், மேலே உள்ள உருண்டையை உருட்டிச் சுட்டியை இயக்கும் மவுஸ்). ஆனால் கட்டைவிரலால் உருட்டும் டிராக்பாலை, கட்டைவிரல் பக்க வலி உள்ளவர்கள் தொடவே கூடாது. நோயின் பெயர் தெரியாமல் வாங்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒருவருக்கு மருந்தாக இருக்கும் அதே பொருள் இன்னொருவருக்கு நோயைக் கூட்டும்.

இரண்டாகப் பிரிந்த கீபோர்டு அகன்ற தோள் உள்ளவர்களுக்கும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்பவர்களுக்கும் நல்லது. பழகுவதற்குள் தட்டச்சு வேகம் பாதியாகும். வேலை நெருக்கடி இருக்கும் மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். மணிக்கட்டுத் திண்டு, தட்டச்சு செய்யாத இடைவெளியில் கையைச் சாய்த்துக்கொள்ள மட்டுமே. அதில் மணிக்கட்டை அழுத்தியபடியே தட்டினால் நரம்புப் பாதையின் மேல் அழுத்தம்தான் ஏறும். காந்தக் காப்புக்கும் செம்புக் காப்புக்கும் செலவழிக்காதீர்கள்.

இன்னொரு பள்ளம்: வலக்கை வலிக்கிறது என்று மவுஸை அப்படியே இடக்கைக்கு மாற்றிவிடுவது. சுமையைக் குறைக்காமல் மாற்றினால் சில மாதங்களில் இரண்டு கைகளும் வலிக்கும். பகிர்ந்துகொள்ளலாம், இடம்பெயர்க்கக் கூடாது.

7. சிகிச்சை எவ்வளவு காலம் எடுக்கும்

கார்ப்பல் டன்னலுக்கு முதல் சிகிச்சை இரவு நேர ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் உறை. குறைந்தது ஆறு வாரம் தவறாமல் போட வேண்டும். இரண்டு இரவில் பலனில்லை என்று கழற்றி எறிபவர்களே அதிகம். ஆயத்தமாக விற்கும் பல உறைகளின் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும்படி இருக்கிறது. அந்தப் பட்டையை உருவிப் பாருங்கள். வளைந்திருந்தால் நேராக்கிச் செருகலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கேளுங்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் நரம்பின் மேல் அழுத்தம் குறைவு. உறையோடு தட்டச்சு செய்ய வேண்டாம். கை அதனோடு மல்லுக்கட்டி, வலி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும்.

வலி மாத்திரை சில நாட்களுக்கு மட்டும், மருத்துவர் சொன்னபடி. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பது ஒருபுறம். வலியை மறைத்துவிட்டு அதே வேலையைத் தொடரவைப்பது இன்னொருபுறம்.

பிசியோதெரபியில் பாதி வேலை வீட்டில் நீங்கள் செய்வது. முதல் அமர்விலேயே பயிற்சிகளை எழுதியோ காணொளியாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். அமர்வுக்கு அமர்வு மின்சூடும் ஒத்தடமும் மட்டும் கொடுத்து, பயிற்சி எதையும் கற்றுத்தராவிட்டால் வேறு இடம் பாருங்கள். தசைநாண் கோளாறுகளுக்குப் படிப்படியாகப் பலமேற்றும் பயிற்சிதான் அடிப்படை; அதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். நரம்பு அழுந்தியவர்கள் இணையத்தில் பார்த்த நீட்சிப் பயிற்சிகளை வேகமாக இழுத்துச் செய்யக் கூடாது.

ஸ்டீராய்டு ஊசி எல்லா வலிக்கும் ஒரே மாதிரிப் பலன் தருவதில்லை. டி குவர்வெய்னுக்கும் டிரிக்கர் ஃபிங்கருக்கும் நன்றாகவே உதவுகிறது. கார்ப்பல் டன்னலில் சில வாரங்களோ மாதங்களோ நிவாரணம் தரும், திரும்பவும் வரலாம். டென்னிஸ் எல்போவில் முதல் சில வாரங்கள் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு ஏறும், சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கார்ப்பல் டன்னல் அறுவை சிகிச்சை பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பும் சிறு சிகிச்சை. தையல் பிரிக்க இரண்டு வாரம் அளவில் ஆகும். இரவு வலி விரைவில் போய்விடும். பிடிபலம் முழுதாகத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். கேட்க வேண்டியது மருத்துவர் கட்டணம் மட்டுமல்ல: மயக்க மருந்துக் கட்டணம், பிறகு வரும் பிசியோதெரபி, வேலைக்குப் போகாத நாட்களின் ஊதியம் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. இரண்டு கைகளுக்கும் தேவை என்றால் ஒரே நாளில் செய்துகொள்வது மலிவாகத் தெரியும். அதன் பிறகு சில நாட்களுக்கு உடை மாட்டக்கூட யார் உதவுவார்கள் என்று யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

8. அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்

வாய்மொழியாக மேலாளரிடம் சொன்னது சொல்லாததற்குச் சமம். வலி வேலையோடு தொடர்புடையது என்று தெரிந்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன பிரச்சினை, எப்போதிருந்து, மருத்துவக் கடிதம் இணைப்பில், கேட்கும் மாற்றங்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். நான்கைந்து வரிகள் போதும். குறை சொல்லும் தொனி வேண்டாம். தேதி இருந்தால் போதும். பல நாடுகளில் தொழில்சார் காயத்துக்கு இழப்பீடு கோரக் காலக்கெடு உண்டு, அது முதலில் தெரிவித்த நாளிலிருந்தோ நோய் உறுதியான நாளிலிருந்தோ ஓடத் தொடங்கும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கணினியில் உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு காயமா" என்ற கேள்வி வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டன்னல், மணிக்கட்டுத் தசைநாண் உறை அழற்சி, டென்னிஸ் எல்போ வகை முழங்கை அழற்சி ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் பட்டியல் உங்கள் அலுவலகத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் பேச்சின் திசை மாறும்.

கோப்பில் சேர வேண்டியவை: அனுப்பிய மின்னஞ்சல்களும் பதில்களும், உங்கள் பணி விவரம், மேசையின் பழைய புகைப்படமும் திருத்திய பின் எடுத்ததும், பரிசோதனை அறிக்கைகளின் முழு நகல், எல்லா ரசீதுகளும். எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விட்டு வரும் நாளில் கோப்பும் அங்கேயே தங்கிவிடும். மருத்துவ ஆவணங்களின் நகலை உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள். காப்பீட்டில் ஊசிக்கும் அறுவைக்கும் முன் அனுமதி தேவையா என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே நாள் குறியுங்கள். மருத்துவர் சிபாரிசு செய்த கீபோர்டு, மவுஸை அலுவலகமே வாங்கித் தரக்கூடும். உங்கள் பணத்தில் முதலில் வாங்கிவிட்டு ரசீதைக் காட்டினால் ஏற்பது கடினம்.

9. வேலைக்குத் திரும்ப ஏறுவது

வலி குறைந்த முதல் வாரம்தான் ஆபத்தானது. தேங்கிய வேலை முழுவதையும் அந்த வாரத்தில் முடித்துவிடத் தோன்றும். பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாகத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டலாம் என்பதை அன்றைய வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேலையின்போது லேசாக வலித்து, இரவுக்குள் அடங்கி, காலையில் பழைய நிலையிலேயே இருந்தால் தொடரலாம். காலையில் விரல்கள் விறைத்தோ மரத்தோ இருந்தால் முந்தைய அளவுக்கு இறங்கி, அங்கேயே சில நாட்கள் நில்லுங்கள்.

இடையில் ஒரு முறையாவது வலி திரும்பத் தலைகாட்டும். பெரும்பாலும் முந்தைய நாட்களில் ஒரு காலக்கெடு வேலையோ, மடிக்கணினியை மடியில் வைத்து எழுதிய ஒரு பயணமோ காரணமாக இருக்கும். குறிப்பேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். சுமையைக் குறைத்து இரண்டு வாரத்தில் தணிந்தால் மருத்துவரிடம் போகத் தேவையில்லை. தணியாவிட்டால் முதலில் பார்த்த மருத்துவரிடமே, பழைய நரம்புக் கடத்தல் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். புதிய பரிசோதனையின் எண்களை எதனோடு ஒப்பிடுவது என்று அவர் கேட்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.